நாளும் உண்பவர் எழுதுவதில்லை: கிழக்கின் சாப்பாட்டுக் கடைகளும் இணைய நட்சத்திரங்களும்

மட்டக்களப்பு நகரில் பகல் பன்னிரண்டரை மணிக்குச் சோற்றுப் பார்சலுக்காகக் கடை வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர், அந்தக் கடைக்கு இணையத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் அல்லர். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்பவர், வழக்குத் தவணை முடிந்து நீதிமன்றத்திலிருந்து வருபவர், போதனா வைத்தியசாலையில் உறவினரைப் பார்க்க வந்தவர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர் என அங்கே நிற்கும் எல்லோருக்கும், எந்தக் கடையில் மீன் குழம்பு எடுபடும், எந்தக் கடையில் ஒரு மணிக்குப் பிறகு கறி தீர்ந்துவிடும் என்பது மனப்பாடம். குறை இருந்தால் அதையும் காசு கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். “என்ன முதலாளி, இண்டைக்கி சொதியில உப்புக் கூடிப்போச்சி” என்ற ஒரே வசனத்தில் முறைப்பாடு பதிவாகி, குசினிக்குப் போய், மறுநாளே தீர்ந்தும் விடுகிறது. அதே கடையின் பெயரைக் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து மதிப்புரைகள் தென்படும். அவற்றை எழுதியவர்கள் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வந்து, பெரும்பாலும் ஒரே ஒரு தடவை உண்டுவிட்டுப் போனவர்கள். நாளும் உண்பவர் எழுதுவதில்லை. எழுதுபவர் நாளும் உண்பதில்லை. மதிப்புரைகள் உணவகங்களை எவ்வாறு சென்றடைகின்றன, எவ்வாறு மாற்றுகின்றன என்பதை மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இந்தக் கிழக்கு மாவட்டங்களில் வைத்து விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நட்சத்திரங்கள் உணவகத்தின் வருமானத்தை மாற்றுகின்றன என்பது வெறும் பேச்சு அல்ல. அது அளந்து பார்க்கப்பட்ட விடயம். 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட யெல்ப் என்ற மதிப்புரைத் தளத்தின் மதிப்பீடுகளையும், அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத் தரவுகளையும் ஒப்பிட்டு, ஹார்வர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடும்போது வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்பது அதன் முடிவு. நல்ல கடைக்கு நல்ல நட்சத்திரம் கிடைப்பதும் நல்ல வியாபாரம் நடப்பதும் இயல்புதானே, இதில் நட்சத்திரத்தின் பங்கு எங்கே என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை காண லூக்கா பிடித்துக்கொண்டது ஒரு சின்னக் கணக்கு வழக்கத்தை. யெல்ப் தளம் சராசரியை அரை நட்சத்திரத்துக்கு முழுமைப்படுத்திக் காட்டியது, ஆகவே 3.24 சராசரி பெற்ற கடை 3 நட்சத்திரமாகவும், 3.26 பெற்ற கடை 3.5 நட்சத்திரமாகவும் தோன்றின. உண்மையில் இரண்டு கடைகளும் ஒரே தரம். வித்தியாசம் படத்தில் மட்டும். அந்தப் படத்து வித்தியாசமே வருமானத்தை மாற்றியது என்றால், வாடிக்கையாளர் சுவையைத் தேடி வரவில்லை, நட்சத்திரத்தைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று சொல்ல முடிகிறது. இதே உத்தியைக் கையாண்டு ஆண்டர்சன், மக்ரூடர் என்ற இரு பொருளியலாளர்கள் 2012இல் சான் பிரான்சிஸ்கோ உணவகங்களை ஆராய்ந்தபோது, அரை நட்சத்திரம் கூடக் காட்டப்பட்ட கடைகளில், முன்பதிவு மேசைகள் முழுவதும் நிரம்பிப்போவது 19 சதவீதப் புள்ளிகளால் அதிகரித்திருந்ததைக் கண்டார்கள்.

லூக்காவின் ஆய்வில் நமக்கு அதிகம் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று. நட்சத்திரத்தின் தாக்கம் தனியார் நடத்தும் சிறு உணவகங்களில்தான் தெரிந்தது. பல கிளைகள் கொண்ட பெரு நிறுவனங்களின் உணவகங்களில் அது தெரியவில்லை. காரணம் எளிது. பெரிய நிறுவனத்தின் கோழிப் பொரியல் எந்த ஊரில் வாங்கினாலும் எப்படி இருக்கும் என்பது வருபவருக்கு முன்பே தெரியும். பெயரே அங்கு மதிப்புரை. முன்பின் தெரியாத கடையின் வாசலில் நிற்கும்போதுதான் மனிதர் தொலைபேசியை எடுக்கிறார். அப்படியானால், ஒரு கடையைப் பற்றி அறிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு வேறு வழிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு நட்சத்திரத்தின் பலம் கூடுகிறது என்று கொள்ளலாம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரை வழியாகப் போனால் ஒரே வீதியில் மூன்று நான்கு விதமான உலகங்கள் தென்படுகின்றன. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற சந்தை நகரங்களின் கடைகள் உள்ளூராரை நம்பியவை. அங்கே நட்சத்திரம் பெரும்பாலும் அலங்காரம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் அண்டிய கடைகளுக்கு வருபவர்கள் மாணவர்கள். முதல் வருடத்தில் தொலைபேசியைப் பார்ப்பவர்கள் இரண்டாம் வருடத்தில் மூத்த மாணவர் சொல்வதைக் கேட்கிறார்கள். பாசிக்குடாவில் விடுதிக்குள்ளேயே சாப்பாடும் சேர்ந்துவிடுவதால் மதிப்புரை விடுதிக்குத்தான் எழுதப்படுகிறது. வெளியே இருக்கும் சிறு கடை அதன் விளிம்பில் மட்டும் பயன் பெறுகிறது. பொத்துவிலுக்கு அப்பால் அறுகம்குடாவிலோ, அலைச்சறுக்குப் பருவமாகிய ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை வருபவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தக் கடைத்தெருவை முதன்முறையாகப் பார்ப்பவர்கள். அங்கே ஒரு பத்தில் ஒரு பங்கு நட்சத்திரமும் மாலை நேர மேசைகளில் தெரியும்.

மதிப்புரை கடையைச் சென்றடையும் வழியை இனிப் பார்க்கலாம். இலங்கையில் யெல்ப் வேரூன்றவில்லை. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிரிப் அட்வைசர் சுற்றுலா இடங்களில் இன்னும் பார்க்கப்படுகிறது என்றாலும், நடைமுறையில் நம் பகுதியின் பேரேடு கூகுள் வரைபடம்தான். அதில் ஒரு கடையின் பக்கத்தை உருவாக்கக் கடைக்காரர் தேவையில்லை. வழிப்போக்கர் ஒருவர் இடத்தைச் சேர்க்கலாம், படம் போடலாம், திறக்கும் நேரத்தை ஊகித்து எழுதலாம். கடைக்காரர் தாமே வந்து, இது என்னுடைய வியாபாரம் என்று உறுதிப்படுத்திப் பக்கத்தைக் கையேற்றால்தான், புதிய மதிப்புரை வந்ததும் அவருக்கு அறிவித்தல் போகும். பதில் எழுதும் உரிமையும் அப்போதுதான் கிடைக்கும். நான் பேசிப் பார்த்த கடைக்காரர்கள் சிலர் அப்படிக் கையேற்காதவர்கள். தம் கடைக்கு ஒரு பக்கம் இருப்பதே அவர்களுக்கு மருமகன் காட்டித்தான் தெரிந்திருந்தது. அவர்களைப் பொறுத்தவரை மதிப்புரை சென்றடைவது எழுத்தாக அல்ல. இந்த மாதம் வெளியூர் வாகனங்கள் குறைவாக நிற்கின்றன என்ற, காரணம் தெரியாத குறைவாக.

அந்தக் குறைவு எப்படி ஏற்படுகிறது என்பதற்குப் பொறிமுறை உண்டு. அருகிலுள்ள இடங்களைத் தேடும்போது முடிவுகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதைத் தேடலுக்குப் பொருத்தம், தூரம், இடத்தின் பிரபலம் ஆகிய மூன்றையும் கொண்டு தீர்மானிப்பதாகக் கூகுள் கூறுகிறது. மதிப்புரைகளின் எண்ணிக்கையும் மதிப்பீடும் பிரபலத்தின் கணக்கில் சேர்கின்றன. ஆகவே ஒரு மதிப்புரை இரண்டு தடவை வேலை செய்கிறது. வாசிப்பவரின் மனதில் ஒரு தடவை. அவர் வாசிக்கும் நிலைக்கு வருவதற்கு முன்பே, அந்தக் கடை பட்டியலில் மேலே தெரியுமா, கீழே புதையுமா என்பதில் இன்னொரு தடவை. கூகுள் சராசரியைத் தசமத்தில் காட்டுவதால் லூக்கா கண்ட அரை நட்சத்திரப் பள்ளம் இங்கே இல்லையே என்று தோன்றலாம். ஆனால் வரைபடத்தில் 4.0க்கு மேல் மட்டும் காட்டு, 4.5க்கு மேல் மட்டும் காட்டு என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. அதை அழுத்தியவரின் திரையில் 3.9 கடை இரண்டாம் இடத்துக்கு இறங்குவதில்லை. அது இல்லாமலே போய்விடுகிறது.

சிறிய கடைக்கு இது எவ்வளவு கொடியது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எளிய சராசரி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் எழுதி நால்வரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்த கடைக்கு ஐந்தாவதாக ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சராசரி 5இலிருந்து 4.2க்கு விழும். மறுபடி 4.9ஐத் தொட இன்னும் 35 பேர் தொடர்ச்சியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும். 4.6 சராசரியில் 200 மதிப்புரை பெற்ற விடுதிக்கு அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் திரையில் 4.6 அப்படியே நிற்கும். மதிப்புரைகள் குறைவாக எழுதப்படும் ஊரில் எழுதப்படும் ஒவ்வொன்றும் கனமானது. நம் வாடிக்கையாளர்களின் பேசாமை நாம் நினைப்பதுபோல் நடுநிலையானது அல்ல. ஒருநாள் வந்தவரின் கோபத்துக்கு அது எடை சேர்த்துக் கொடுக்கிறது.

எழுதுபவர் யார், எப்போது எழுதுகிறார் என்பதைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. இணைய வணிகத் தளங்களில் மதிப்பீடுகள் மிக நன்று என்ற முனையில் குவிந்தும், மிக மோசம் என்ற முனையில் சிறிதளவு குவிந்தும், நடுவில் வற்றியும் காணப்படுவதை ஹூ, பாவ்லூ, ஜாங் ஆகியோர் 2009இல் எடுத்துக்காட்டினர். ‘பரவாயில்லை’ என்று எழுந்து போனவர் எழுத மெனக்கெடுவதில்லை. அமெரிக்க உணவக மதிப்புரைகள் பத்து லட்சத்துக்கு மேல் எடுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, மழை நாளிலும் கடும் வெப்ப நாளிலும் எழுதப்பட்டவற்றில் மதிப்பீடு தாழ்ந்திருப்பதைக் கண்டது. அதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது, மார்கழி மழையில் நனைந்தபடி வந்து, மின்சாரம் நின்ற கடையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இடியப்பம் உண்ணும் ஒரு வெளியூர்க் குடும்பம். அவர்கள் எழுதினால் இடியப்பத்தைப் பற்றி எழுதுவார்களா, மழையைப் பற்றி எழுதுவார்களா? எழுதுவது எதுவாக இருந்தாலும் நட்சத்திரம் இடியப்பத்துக்குத்தான் போய்ச் சேரும். முன்னவர் கொடுத்த மதிப்பு பின்னவரை இழுக்கிறது என்பதும் பரிசோதித்துக் காட்டப்பட்டது. 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், ஒரு செய்தித் தளத்தின் கருத்துகள் சிலவற்றுக்கு எழுந்தமானமாக ஒரு ஆதரவு வாக்கு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவை ஈற்றில் பெற்ற மதிப்பீடு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. அது உணவகம் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் புதிதாகத் திறக்கும் கடைக்கு முதல் மூன்று நான்கு மதிப்புரைகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அது விளக்குகிறது.

நம் பகுதிக்கே உரிய சில சிக்கல்களும் இருக்கின்றன. காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும்; ரமழான் மாதத்தில் பகல் முழுவதும் சாப்பாட்டுக் கடைகள் திறப்பதில்லை. வரைபடத்தில் ‘திறந்திருக்கிறது’ என்று பார்த்து வந்தவர் பூட்டிய கதவுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டால், உணவைச் சுவைக்காமலேயே உணவுக்கு மதிப்பெண் விழுகிறது. ஹலால் கடையில் பியர் இல்லை என்பதும், சைவக் கடையில் முட்டை இல்லை என்பதும் குறையாக எழுதப்படக்கூடியவை. எழுதுபவரின் பார்வையில் அது நேர்மையான ஏமாற்றம்; ஆனால் கடை தன் இயல்பை மாற்றிக்கொள்ளாமல் அதைத் தீர்க்க வழியில்லை. மொழியும் ஒரு தடை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஜேர்மன் மொழியிலும் எழுதப்படுவதைக் கூகுளின் தானியங்கி மொழிபெயர்ப்பு ஒருவாறு தமிழாக்கித் தரும். நம்மவர்கள் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழோ அதற்குப் பல நேரம் பிடிபடுவதில்லை. ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலே ஒரு பொறி. கல்லடியின் கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒரே கடைக்கு இரண்டு பக்கங்கள் முளைத்து, மதிப்புரைகள் இரண்டாகப் பிரிந்து கிடப்பதற்கு அதுவே போதும்.

எல்லாவற்றிலும் அதிக மனக்கசப்பை உண்டாக்குவது பழைய விலைப்பட்டியலின் படம் என்று தோன்றுகிறது. வாடிக்கையாளர் ஒருவர் 2019இல் எடுத்துப் போட்ட படத்தில் கொத்து ரொட்டியின் விலை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு 2022 வந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் வாங்கிய அதே உணவுப் பொருட்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு பணம். மாவும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறிய வேகத்தில் கடைக்காரர் எழுத்துப் பலகையைப் பலமுறை அழித்து எழுதினார். இணையத்துப் படம் அழியவில்லை; வாடிக்கையாளர் போட்ட படத்தைக் கடைக்காரரே நேரடியாக அழிக்கவும் முடியாது, நீக்கக் கோரத்தான் முடியும். படத்தைப் பார்த்து வந்தவருக்கு அது வெளியூரான் என்று கண்டு ஏற்றிச் சொன்ன விலையாகத் தெரிகிறது. ‘சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றுகிறார்கள்’ என்ற வசனம் மதிப்புரையில் ஏறிவிட்டால், அதை வாசிக்கும் அடுத்தவர் சந்தேகத்தோடுதான் உட்காருவார். மறுபுறம், உண்மையிலேயே ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடைகளும் சுற்றுலா இடங்களில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. 2024 ஏப்ரலில், கொழும்பில் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா சொல்லி வெளிநாட்டு யூடியூபருடன் முரண்பட்ட கடைக்காரரின் காணொளி பரவி, அவர் கைது செய்யப்படும் அளவுக்குப் போனது. அந்த மாதத்துக்குப் பிறகு விலைப் பலகையை வாசலிலேயே மாட்டிய கடைகளை நான் இங்கும் கண்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலைகளைக் காட்சிப்படுத்தச் சொல்லி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சட்டம் செய்யாததைக் காணொளி செய்தது என்று சொன்னால் அதிகாரிகள் வருந்தக்கூடும்.

தரவரிசையில் காலத்துக்கும் பங்கு உண்டு. தரம், எண்ணிக்கை ஆகியவற்றோடு மதிப்புரை எவ்வளவு அண்மையது என்பதையும் டிரிப் அட்வைசர் கணக்கில் எடுக்கிறது. வருடம் முழுவதும் பயணிகள் வரும் ஊருக்கு அது நியாயமான விதி. மழைக்காலத்தில் தூங்கிவிடும் அறுகம்குடாவில் மாதக்கணக்கில் புதிய மதிப்புரை வராத கடை, பருவம் தொடங்கும்போது பழசாகி நிற்கிறது. நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2018இல் 23 லட்சத்துக்கு மேல். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் பெருந்தொற்றும் கடந்த 2021இல் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. 2024இல் மறுபடி 20 லட்சத்தைத் தாண்டினர். இந்த ஏற்றத்தாழ்வில் ஈராண்டு இடைவெளி விழுந்த பக்கங்களில், 2019இன் சமையற்காரரைப் பற்றிய புகழ்ச்சியும் இகழ்ச்சியும் இன்றைய சமையற்காரரின் தலையில் நிற்கின்றன.

மதிப்புரைகளுக்குக் காது கொடுக்கும் கடை எவ்வாறு மாறுகிறது என்பதைக் குசினியிலேயே காணலாம். பயணிகள் வரும் கடைகளில் உறைப்பு குறைகிறது; ‘காரம் குறைவு, நடுத்தரம், ஊர்க்காரம்’ என்று மூன்று விதமாகக் கேட்டுச் சமைக்கிறார்கள். கழிப்பறை திருத்தப்படுகிறது, இது கலப்பில்லாத நன்மை, பல கடைகளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பலமுறை சொல்லியும் நடக்காதது. எருமைத் தயிரைச் சட்டியிலிருந்து அள்ளிப் போடாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் பாணி ஊற்றிப் படம் எடுக்கத் தோதாக வைக்கிறார்கள். வாவி நண்டுக் கறி முழு நண்டாக மேசைக்கு வருகிறது. இவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் திரையில் தெரியாத பண்புகளும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு உண்டு: கையில் காசு குறைந்த நாளில் கொப்பியில் எழுதிவிட்டுச் சோறு கொடுப்பது, இரண்டாம் தரம் சோறும் பருப்பும் கேளாமல் போடுவது, அதிகாலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் வந்தவருக்குப் பிளேன்டீயோடு கதவைத் திறப்பது. இவற்றால் பயன் பெறுகிறவர் எழுதுவதில்லை. எழுதுகிறவருக்கு இவை தேவைப்படுவதில்லை. ஆகவே இவற்றுக்கு நட்சத்திரக் கணக்கில் இடமே இல்லை.

பொய் மதிப்புரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொஸ்டன் நகர உணவகங்கள் பற்றி யெல்ப் தளத்துக்கு வந்தவற்றில் ஏறத்தாழ 16 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று வடிகட்டப்பட்டதை லூக்காவும் ஜோர்ஜியோஸ் செர்வாஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மதிப்புரை குறைந்த கடையும், அண்மையில் கெட்ட பெயர் வாங்கிய கடையும்தான் தனக்குத்தானே புகழ்ந்து எழுதிக்கொள்ள அதிகம் முனைகின்றன; போட்டிக்கடை அருகில் முளைத்தால் இகழ்ந்து எழுதும் பொய்கள் கூடுகின்றன. இதன் உச்சம் 2017இல் இலண்டனில் நடந்தது. ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று டிரிப் அட்வைசரில் பதிந்து, நண்பர்களின் பொய் மதிப்புரைகளாலேயே சில மாதங்களில் அதை அந்த நகரின் உணவகப் பட்டியலில் முதலாம் இடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். அதுவரை அங்கே ஒருவருக்கும் சாப்பாடு பரிமாறப்பட்டிருக்கவில்லை.

நம் பகுதியில் பொய் இவ்வளவு திட்டமிட்டு வருவதாக நான் கருதவில்லை. அது பெரும்பாலும் பாசமாக வருகிறது. மாமா கடை திறந்தார் என்று கேள்விப்பட்டதும் டொரன்டோவிலும் சூரிச்சிலும் இருக்கும் மருமக்கள் ஒரே இரவில் பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். அவர்களில் எவரும் அந்தக் கடையில் உண்டதில்லை. உண்மையான அனுபவத்தின் அடிப்படையில் அமையாத மதிப்புரையைக் கூகுளின் கொள்கை தடைசெய்கிறது. ஒரே நாளில் ஒரே மாதிரி குவிபவற்றை அதன் தானியங்கி வடிகட்டி நீக்கினால் வியப்பில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஒக்டோபரில் நடைமுறைப்படுத்திய விதி பொய் மதிப்புரைகளை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்வதோடு, தாம் யாரென்று சொல்லாமல் நிறுவனத்தின் உள்ளாட்கள் எழுதுவதையும் கட்டுப்படுத்துகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரநியமத்தை வெளியிட்டது. இலங்கையில் மேலே சொன்ன 2003ஆம் ஆண்டுச் சட்டம், வியாபாரத்தில் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைப் பொதுவாகத் தடுக்கிறது. பணம் கொடுத்து எழுதுவித்த புகழ்ச்சியும் அதற்குள் அடங்கும் என்று வாதிடலாம். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘வரைபடத்தில் நட்சத்திரம் போடுங்கள், பணம் தருகிறோம்’ என்று வரும் அழைப்புகள் வேறு வகை. அவை முதலில் சிறு தொகை கொடுத்து நம்பவைத்து, பின்னர் பணம் கட்டச் சொல்லிப் பறிக்கும் மோசடிகளின் வாசற்படி. அங்கே நட்சத்திரம் பெறும் கடைக்குச் செய்தியே தெரியாது.

எதிர்மறையாக எழுதியவர் மீது வழக்குப் போடலாமா என்று சில கடைக்காரர்கள் கேட்பதுண்டு. இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. குடியியல் வழக்கு மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘கறி ஆறியிருந்தது’ என்பதற்கு வழக்கு நடத்துபவர் கறியை விட அதிகமாகச் செலவழிப்பார். பதில் எழுதுவதோ செலவற்றது, பலனும் அளக்கப்பட்டிருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தின் விடுதிகளை ஆராய்ந்த புரோசர்பியோ, செர்வாஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பதில் எழுதத் தொடங்கிய விடுதிகளுக்கு மதிப்புரைகளின் எண்ணிக்கை 12 சதவீதமும், சராசரி 0.12 நட்சத்திரமும் கூடின. தொகை சிறிதாகத் தோன்றினாலும் 4.4 கடை 4.5 வடிகட்டியைத் தாண்ட அது போதும். முதலாளி வாசிக்கிறார் என்று தெரிந்தால், அற்பக் குறையை முகத்துக்கு நேரே எழுத மனிதர் கூசுகிறார் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கல்லாவில் காசு கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துச் சொல்லும் அந்தக் கூச்சமும் உரிமையும் கலந்த பேச்சை, பதில் எழுதும் கடை இணையத்திலும் சிறிதளவு மீட்டெடுக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் முதலாளி தமிழில் சொல்ல, உயர்தர வகுப்பில் படிக்கும் மகள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். “மன்னிக்கவும் என்று மட்டும் போடாதே, அண்டைக்கி மீன் வரல்ல என்றும் எழுது” என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

மதிப்புரை கடைக்குப் போகாமல் அதிகாரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூயோர்க் நகர சுகாதாரத் திணைக்களம் 2014இல் வெளியிட்ட அனுபவம் நல்ல எடுத்துக்காட்டு. யெல்ப் மதிப்புரைகள் ஏறக்குறைய 2,94,000ஐக் கணினியால் சலித்ததில், உணவு ஒவ்வாமல் நோயுற்றதாகக் கொள்ளத்தக்க 468 முறைப்பாடுகள் கிடைத்தன. அவற்றில் 3 சதவீதம் மட்டுமே நகரின் முறைப்பாட்டு இலக்கத்துக்கும் சொல்லப்பட்டிருந்தன. அதுவரை அறியப்படாத மூன்று நோய்ப்பரவல்கள் அதனால் வெளிவந்தன. இங்கே 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் கடைகளைப் பார்ப்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். மதிப்புரையில் ‘வயிற்றைக் கெடுத்தது’ என்று எழுதிவிட்டுக் கொழும்பு இரவு ரயிலில் ஏறிவிடுபவர், அதையே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பாகச் சொன்னால், மறுநாளே குசினியைப் பார்க்க ஒருவர் வரக்கூடும். நட்சத்திரத்தால் கடைக்குத் தண்டனை கிடைக்கிறது, குசினி கழுவப்படுவதில்லை.

இன்னுமொன்று. கிழக்கில் சாப்பாட்டுக் கடைகள் பலவும் குத்தகைக்குக் கைமாறுபவை. பெயர்ப் பலகைக்கு ஊரில் மதிப்பு இருந்தால் புதியவர் அதைக் கழற்றுவதில்லை. பெயரும் இடமும் மாறாதவரை வரைபடத்துப் பக்கமும் மாறுவதில்லை. முந்தியவரின் மதிப்புரைகளும் சேர்ந்தே வருகின்றன. கல்லடிப் பக்கம் ஒரு கடைக்கான குத்தகைப் பத்திரத்தை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. ரொட்டிக் கல் ஒன்று, மேசை பதினொன்று, கதிரை நாற்பது, மின்விசிறி ஆறு, குளிர்சாதனப் பெட்டி ஒன்று, கண்ணாடி அலுமாரி இரண்டு என்று கையளிக்கும் பொருட்கள் எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முந்திய முதலாளியின் மின்னஞ்சலில் பூட்டியிருக்கும் 3.8 நட்சத்திரப் பக்கத்தைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை; அதன் கடவுச்சொல்லைக் கேட்கவேண்டும் என்று புதியவருக்குத் தோன்றியபோது முந்தியவர் கட்டாருக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.